காலையில் டிரிப், பத்து மணிக்குச் சரி: மின் பந்தயக் காரில் இன்சுலேஷன் கசிவு, கண்டதும் தீர்த்ததும்

தோவாளைக் காற்று:

மின் பந்தயக் கார் கட்டுகிற பிள்ளைகள் மோட்டாருக்கும் இன்வெர்ட்டருக்கும் மாதக்கணக்கில் யோசிப்பார்கள். கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வேயில் ஃபார்முலா பாரத் என்கிற மாணவர் பந்தயக் கார் போட்டியின் மின் பரிசோதனைக்கு நிற்கும்போது காரை மடக்கிப் போடுவது பெரும்பாலும் இன்சுலேஷன்தான். உயர் மின்னழுத்தப் பக்கத்துக்கும் சேஸிஸுக்கும் இடையில் மின்தடை குறைந்தால் ஐஎம்டி (இன்சுலேஷனைக் கண்காணிக்கும் கருவி) ஷட்டவுன் சர்க்யூட்டை வெட்டும், பேட்டரியை வெளியே இணைக்கிற ஏஐஆர் ரிலே இரண்டும் திறந்து விழும், கார் நிற்கும். வோல்ட்டுக்கு 500 ஓம் என்பது கணக்கு. 96 செல் தொடராக வைத்தால் முழுச் சார்ஜில் 403 வோல்ட், ஆகவே எல்லை சுமார் 2 லட்சம் ஓம். பட்டறையில் அந்த எல்லையை ஒட்டி நிற்கிற காரை நம்பாதீங்க. சில மெகா ஓம் காட்டினால்தான் நிம்மதி.

நம்ம குமரி மாவட்டத்தில் இது கூடுதல் சிரமம். தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு மழையும் நமக்கு உண்டு. ஜனவரிப் போட்டிக்குப் பேட்டரி அடுக்குவது ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில். கடற்காற்றின் உப்பு, செல்களைக் கண்காணிக்கிற பிஎம்எஸ் போர்டு மேல் படிந்திருக்கும். காய்ந்து கிடக்கும்வரை தெரியாது. விடியக்காலை ஈரம் ஏறியதும் அந்த உப்புப் படலம் மின்சாரத்தைக் கடத்தும். காலையில் டிரிப் ஆகி, வெயில் ஏறியதும் தானாகச் சரியாகிற கார் என்றால் முதலில் போர்டைப் பாருங்க. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கழுவி, நன்றாக உலர்த்தி, பொறவு கன்ஃபார்மல் கோட்டிங் என்கிற பாதுகாப்புப் பூச்சு. கழுவாமல் பூசினால் உப்பை உள்ளே வைத்து மூடியதாகத்தான் ஆகும். கனெக்டர் பின்களை டேப் போட்டு மறைத்துவிட்டுப் பூசணும்.

முட்டம் வயரிங்:

அண்ணாச்சி சொன்னதோடு, கசிவு எங்கே என்று தேடுகிற முறையையும் சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றையும் பிரித்துப் போட வேண்டாம். எச்விடி-யை (உயர் மின்னழுத்த இணைப்பைக் கையால் துண்டிக்கிற பிளக்) எடுத்துவிட்டு, பேட்டரிப் பெட்டி, இன்வெர்ட்டர், மோட்டார் என்று மூன்றாகப் பிரித்து அளங்க. மோட்டாருக்கும் கேபிளுக்கும் மெகர் (உயர் வோல்ட்டேஜ் கொடுத்து இன்சுலேஷனை அளக்கிற மீட்டர்) போடலாம். இன்வெர்ட்டருக்கு அதன் கையேடு அனுமதிக்கிற வோல்ட்டேஜ் மட்டும்தான்.

பெட்டிக்குள்ளே கசிவு என்றால் மெகர் வேண்டாம், மல்டிமீட்டர் போதும். ஏஐஆர் திறந்திருக்கையில், பேக்கின் மைனஸுக்கும் பெட்டியின் உலோகத்துக்கும் இடையில் வோல்ட்டேஜ் பாருங்க. நல்ல பேக்கில் அளவு பூஜ்யத்தை ஒட்டி இறங்கிவிடும். ஓரிடத்தில் கசிவு இருந்தால் ஒரு எண்ணில் நிலைத்து நிற்கும், அந்த எண்ணே இடத்தைக் காட்டும். நூறு வோல்ட் வீதம் நான்கு செக்மென்ட் (செல் தொகுதி) உள்ள பேக்கில் மைனஸிலிருந்து 200 காட்டினால், இரண்டாவதும் மூன்றாவதும் சேருகிற பஸ்பார் (இணைப்பு உலோகப் பட்டை) பக்கம் தேடணும். 1000 வோல்ட் கையுறை, முகத்திரை, பக்கத்தில் இன்னொரு ஆள். இந்த மூன்றும் இல்லாமல் மூடியைத் திறக்காதீங்க.

அங்கே கிடைப்பது சின்ன விஷயமாகத்தான் இருக்கும். கேப்டான் இன்சுலேஷன் டேப்பைக் கிழித்த அலுமினிய விளிம்பு, இறுக்கிய கேபிள் டை குத்திய ஹீட் ஷ்ரிங்க், ஷீல்டு கேபிளிலிருந்து பிரிந்து டெர்மினலைத் தொடுகிற ஒற்றைக் கம்பி.

தக்கலை பட்டறை:

கார்பன் ஃபைபரையும் சேர்த்துக்கிடுங்க. ஓட்டுநரைப் பேட்டரியிலிருந்து பிரிக்கிற ஃபயர்வாலை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற தூள் மின்சாரத்தைக் கடத்தும். பேட்டரி அடுக்குகிற அறையில் அந்த வேலையே கூடாது. ஊதினால் இன்னும் உள்ளே போகும், வேக்குவம் வைத்து உறிஞ்சணும்.

மழைச் சோதனைக்கு ஒத்திகை பார்க்கிற ஆட்களுக்கு ஒன்று. 120 விநாடி தண்ணீர் தெளிப்பார்கள், நிறுத்திய பிறகும் 120 விநாடி ஐஎம்டி விழாமல் நிற்கணும். பல கார்கள் இந்த இரண்டாவது பாதியில்தான் விழுகின்றன. மேலே தேங்கிய தண்ணீர் மெதுவாக, கேபிள் நுழைகிற கிளாண்டு வழி இறங்குவதற்கு அந்த நேரம் போதும். கிளாண்டைப் பெட்டியின் பக்கவாட்டிலோ கீழேயோ வையுங்க. கேபிள் நுழையும் முன் ஒரு தொங்கல் விட்டால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். கடற்கரை ஊர்களில் போர்வெல் தண்ணீர் உப்பாக இருந்தால் அதை ஒத்திகைக்கு எடுக்காதீங்க. கார் பாஸ் ஆனாலும் உப்பு உள்ளே தங்கி அடுத்த வாரம் வேலையைக் காட்டும்.

குலசேகரம் செல்:

செக்மென்ட் கணக்கில் பிள்ளைகள் தடுக்குவதால் இதையும் போடுகிறேன். ஒரு செக்மென்ட்டுக்கு 120 வோல்ட், 6 மெகா ஜூல் என்ற உச்சவரம்பு. 2.5 ஆம்பியர் மணி 18650 செல் என்றால் 24 தொடர், 6 இணை: 100.8 வோல்ட் × 15 ஆம்பியர் மணி × 3600 விநாடி, அதாவது 5.44 மெகா ஜூல். ஏழாவது இணை சேர்த்தால் 6.35, நிராகரிப்பு. ஆற்றலை உச்ச வோல்ட்டேஜை வைத்துப் பெருக்கணும், செல்லின் பெயரளவு 3.6 வோல்ட்டை வைத்துப் பெருக்கினால் ஏழு இணையும் பாஸ் ஆனது போலக் காட்டும். பெட்டி செய்த பொறவு தெரிந்தால் எல்லாமே மறுபடி. அந்தந்த ஆண்டு விதிப்புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டே கணக்குப் போடுங்க.

பிரீசார்ஜ் ரெசிஸ்டரை (ஏஐஆர் முழுதாக மூடும் முன் இன்வெர்ட்டர் கெப்பாசிட்டரை மெதுவாக நிரப்புவது) எரிப்பதும் அடிக்கடி நடக்கும். 500 மைக்ரோ ஃபாரட், 1 கிலோ ஓம், 400 வோல்ட்: 95 சதவீதம் ஏற 1.5 விநாடி, ஒவ்வொரு முறையும் ரெசிஸ்டரில் 40 ஜூல் சூடு. ஒரு தடவைக்குத் தாங்கும். ஐஎம்டி தேடலின்போது நிமிடத்துக்குப் பத்துத் தடவை ஆன் செய்தால் வெந்துவிடும். இடைவெளி விடுங்க.

முட்டம் வயரிங்:

கடைசியாக ஒன்று. நாகர்கோவிலிலிருந்து கோயம்புத்தூர் 400 கிலோமீட்டருக்கு மேல், லாரி அதிர்வில் பஸ்பார் போல்ட் தளரும். சூடாகிற இடத்தில் நைலான் நட்டு வேண்டாம், இளகிவிடும். இறுக்கியதும் நட்டிலிருந்து பஸ்பார் வரை பெயின்ட் கோடு இழுத்து வையுங்க, விலகியிருந்தால் பார்த்தாலே தெரியும். இறக்கியதும், வரிசையில் நிற்கும் முன் ஐஎம்டி-யை ஒரு தடவை சோதித்துவிடுங்க. 400 வோல்ட் பேக்குக்கு 1 லட்சம் ஓம் ரெசிஸ்டரை டிஎஸ்எம்பி-க்கும் (உயர் மின்னழுத்தத்தை அளக்கிற முனை) சேஸிஸுக்கும் இடையில் கொடுத்தால் 30 விநாடிக்குள் விழணும். விழாவிட்டால் ஐஎம்டி-யின் சேஸிஸ் எர்த் கம்பியைப் பாருங்க, பெயின்ட் மேல் போல்ட் போட்டிருப்பீங்க.