புதுப்பிப்பு: போலந்தின் கிராகுஃப் நகரிலிருந்து வியெலிச்கா உப்புச் சுரங்கம்

வார இறுதியில் வியெலிச்கா போய்வருவது பற்றிய என் பழைய இழையில் ரயில், படிக்கட்டு, குளிர் குறித்துக் கேட்டிருந்தார்கள். விடுபட்டவை இவை.

ரயிலில் கடைசி நிறுத்தம் வரை போங்கள். பெயர் வியெலிச்கா ரினெக் கொபால்னியா. முன்னதாக வரும் 'வியெலிச்கா பார்க்' நிலையத்தில் பெயரைப் பார்த்து இறங்கிவிட்டால் மிச்ச தூரத்துக்கு நடைதான்.

சுரங்கத்துக்குள் இறங்கும்போதே 380 மரப்படிகள், 64 மீட்டர் ஆழம். மொத்தப் பாதையில் சுமார் 800 படிகள் வரும். மேலே வர லிப்ட் உண்டு. முட்டிவலி உள்ள பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள் இதை யோசித்தே ஆகவேண்டும். உள்ளே கோடையிலும் 17, 18 டிகிரிதான். முழுக்கைச் சட்டை போதும்.

101 மீட்டர் ஆழத்திலுள்ள புனித கிங்கா தேவாலயத்தில் அவசரப்படாதீர்கள். தரையில் ஓடு பதித்ததுபோல் தெரிவது உப்புப் பாறையிலேயே செதுக்கிய கோடுகள். பாறையிலுள்ள உப்பு, வேறு பொருள்கள் கலந்திருப்பதால் சாம்பல் நிறமாக இருக்கும். சரவிளக்கின் மணிகள் மட்டும் கண்ணாடிபோல் மின்னும். உப்பைக் கரைத்து, சுத்தப்படுத்தி, மறுபடி படிகமாக்கிச் செய்தவை அவை. சுரங்கத்தில் மிக அழகானது இதுதான் என்பேன்.

இன்னொன்று: போலந்தில் பெரும்பாலான ஞாயிறுகளில் சூப்பர் மார்க்கெட்டுகள் மூடியிருக்கும். சாப்பாடு, தண்ணீரைச் சனிக்கிழமையே வாங்கிவையுங்கள். 2025 அக்டோபர் முதல், வைப்புத்தொகைக் குறியுள்ள பிளாஸ்டிக் பாட்டிலைத் திருப்பித் தந்தால் 50 குரோஷ் (அரை ஸ்வோட்டி, போலந்து நாணயம்) திரும்பக் கிடைக்கும். நசுக்கினால் பாட்டில் வாங்கும் இயந்திரம் ஏற்காது.