‘தாத்தா வீடு’ குரூப்: காதுகுத்துக்கு கார் வருமா?

வியாழன்

ரமேஷ்: வெள்ளைச்சாமி மறுபடியும் படுத்துவிட்டார். சாவியைத் திருப்பினால் டிக் டிக் மட்டும்தான். செவ்வாய் சாயங்காலம் நன்றாக ஓட்டி நிறுத்திய வண்டி.

வசந்தி சித்தி: ஐயோ. ஞாயிறு காதுகுத்து

ஜெயா அக்கா: டேய், சனிக்கிழமை திருச்சி ஏர்போர்ட்டுக்கு யார் வருவது? பாப்பாவும் 4 பெட்டியும்

கௌதம்: தள்ளு அண்ணா தள்ளு 😂

ஜெயா அக்கா: தாய்மாமன் மடியில்தான் உட்கார வைக்கணும். மாமனே தள்ளிக்கொண்டு வந்தால் எப்படி

மீனா அத்தை: அப்பா இருந்தவரை அந்த வண்டி ஒரு நாள் நின்றதில்லை.

ரமேஷ்: அத்தை, அப்போது அது புது வண்டி. 2004 மாடல். 15 வருஷம் முடிந்து ஆர்சி புதுப்பித்தாகிவிட்டது.

மீனா அத்தை: நான் ஒன்றும் சொல்லவில்லையே. எனக்குத் தருவதாகச் சொன்ன வண்டி, அதனால் கேட்டேன்.

ரமேஷ்: பேட்டரி கடையில் புதுசு போடச் சொல்கிறார்கள். பொங்கலுக்குத்தான் போட்டேன்.

பெரியப்பா: ரமேஷ், பேட்டரியை மாற்றாதே. வண்டி நிற்கும்போது ஏதோ ஒன்று கரண்ட்டைக் குடிக்கிறது. கடிகாரம், ஸ்டீரியோ மெமரி, இதற்கெல்லாம் 20, 30 மில்லிஆம்ப் போகும். போகட்டும். 50-ஐத் தாண்டினால்தான் சந்தேகப்படணும். உன்னுடையது 35 ஏஎச் பேட்டரி. ஏஎச் என்றால் ஆம்பை மணி நேரத்தால் பெருக்கிய கணக்கு. டிக்கி பல்பு ஒன்று அணையாமல் எரிகிறது என்று வை. 5 வாட், அதாவது 0.4 ஆம்ப். ஒரு நாளைக்கு 10 ஏஎச். இரண்டு நாளில் பாதிக்கு மேல் காலி. ஸ்டார்ட்டர் எதை வைத்துச் சுற்றும்? பேட்டரி புதுசானாலும் இதே கதைதான்.

குமார் மாமா: கதவு சரியாகச் சாத்தவில்லையோ

வசந்தி சித்தி: அய்யனாருக்குக் கிடாவா, இல்லை சைவமா? சமையல்காரர் கேட்கிறார்

கௌதம்: கிடா

மீனா அத்தை: பெரியவர்கள் சொல்லட்டும்

கௌதம்: பெரியப்பா, இவ்வளவு படிக்க முடியவில்லை. வாய்ஸ் நோட் போடுங்கள்

பெரியப்பா: (வாய்ஸ் நோட் 4:12)

கௌதம்: படித்துவிடுகிறேன்

வெள்ளி

ரமேஷ்: ராத்திரி முழுக்கச் சார்ஜ் போட்டேன். மீட்டர் கையில் இருக்கிறது.

பெரியப்பா: சிவப்பு ஒயரை 10 ஆம்ப் துளையில் செருகு. மில்லிஆம்ப் துளையில் செருகினால் மீட்டர் ஃப்யூஸ் போகும். பேட்டரி மைனஸ் கிளாம்பைக் கழற்றி, கிளாம்புக்கும் மைனஸுக்கும் நடுவில் மீட்டரைப் பிடி. கதவு திறந்திருந்தால் அந்தச் சுவிட்சை அமுக்கிக் கட்டு, இல்லாவிட்டால் உள் லைட் கணக்கும் சேர்ந்துவிடும். 20 நிமிஷம் பொறு. முக்கியம்: மீட்டர் மாட்டியிருக்கும்போது சாவியைத் திருப்பாதே.

ரமேஷ்: 0.62

பெரியப்பா: மில்லியா, ஆம்பா?

ரமேஷ்: ஆம்ப்

பெரியப்பா: அடப்பாவி. ஒரு நாளைக்கு 15 ஏஎச். ஃப்யூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கு. எதைப் பிடுங்கும்போது எண் விழுகிறதோ அந்த லைன்தான்.

ஜெயா அக்கா: ரமேஷ், பச்சைப் பட்டா மஞ்சள் பட்டா? பாப்பா பாவாடைக்கு

ரமேஷ்: அக்கா கை முழுக்கக் கிரீஸ்

ரமேஷ்: எல்லா ஃப்யூஸும் பிடுங்கியாகிவிட்டது. 0.60.

கௌதம்: பேய்

பெரியப்பா: பேயில்லை. ஃப்யூஸ் பெட்டிக்கு வராமலே வேறு வழியில் போகிறது. வண்டி ஓடும்போது சார்ஜ் ஏற்றுமே ஆல்டர்னேட்டர், அதில் கரண்ட்டைத் திரும்ப விடாத டயோடு லீக் ஆனாலும் இப்படித்தான். மைனஸை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டரின் தடித்த ஒயரைக் கழற்று, முனையில் டேப் சுற்று, அப்புறம் மீட்டரை மாட்டு.

ரமேஷ்: அப்படியேதான் இருக்கிறது.

பெரியப்பா: சரி. பேட்டரி பிளஸ்ஸில் கம்பெனி ஒயர் தவிர வேறு எவனாவது இழுத்திருக்கிறானா பார்.

ரமேஷ்: (படம்)

ரமேஷ்: பென்சில் தடிமனில் ஒரு சிவப்பு ஒயர். நடுவில் கறுப்பு டேப் உருண்டை, உள்ளே ஃப்யூஸ். கார்ப்பெட்டுக்குக் கீழே போய் டிரைவர் சீட்டுக்கு அடியில் ஆம்ப்ளிஃபையர், ஸ்டீரியோ சத்தத்தைக் கூட்டும் பெட்டி. காலையிலிருந்து சாவியே போடவில்லை, பெட்டி வெதுவெது என்று இருக்கிறது.

மீனா அத்தை: 🙈

குமார் மாமா: அது நான் 2009-இல் போட்டது. நல்ல ஆம்ப்ளிஃபையர்.

மீனா அத்தை: அப்பாவிடம் கேட்காமல் போட்டு வாங்கிக் கட்டிக்கொண்டாரே

பெரியப்பா: மாப்பிள்ளை, நீங்கள் போட்டது தப்பில்லை. ரமேஷ், ஆம்ப்ளிஃபையருக்கு ஒரு மெல்லிய நீல ஒயர் வரும். ஸ்டீரியோ போட்டால்தான் அது வழியாக ஆம்ப்பை எழுப்பும். அது எங்கே?

ரமேஷ்: வெட்டித் தொங்குகிறது. அந்த இடத்தில் ஒரு துண்டு ஒயர், ஆம்ப்பின் சிவப்பிலிருந்தே எடுத்துச் சொருகியிருக்கிறார்கள்.

பெரியப்பா: போச்சு. 24 மணி நேரமும் முழித்துக்கொண்டே இருக்கிறது.

குமார் மாமா: என் வேலை இல்லை. தீபாவளிக்குக் கௌதம்தானே டச் ஸ்கிரீன் மாட்டப் போனான்

கௌதம்: கடையில்தான் மாட்டினார்கள். நான் டீ குடிக்கப் போயிருந்தேன்

வசந்தி சித்தி: அந்த ஸ்கிரீனுக்குக் காசு கொடுத்ததே நாங்கள். யாரும் பேச வேண்டாம்

ரமேஷ்: பிடுங்கிய ஃப்யூஸையெல்லாம் திரும்பச் செருகிவிட்டு, டேப் உருண்டையைப் பிரித்து அந்த ஃப்யூஸை எடுத்தேன். 0.02.

ஜெயா அக்கா: நல்லதா கெட்டதா?

பெரியப்பா: நல்லது. கழற்றியதையெல்லாம் மாட்டு. ஆல்டர்னேட்டர் ஒயரை மறந்தால் ஓட ஓடச் சார்ஜ் ஏறாது. நாளைக் காலை வோல்ட் பார். 12.5-க்கு மேல் நின்றால் கவலை இல்லை. 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது.

குமார் மாமா: ஆம்ப்பைத் தூக்கிப் போடாதே, எனக்கு வேண்டும்

மீனா அத்தை: எதற்கு? வண்டியே இல்லாத வீட்டுக்கு?

ரமேஷ்: காலையில் பார்த்துச் சொல்கிறேன் அக்கா. எப்படியும் வருவேன்.

ஜெயா அக்கா: ‘எப்படியும்’ வேண்டாம். டாக்சிக்கும் சொல்லி வைக்கிறேன்

பெரியப்பா: டாக்சி எதற்கு? எண் 0.02-க்கு வந்துவிட்டதே

வசந்தி சித்தி: கிடா விஷயம் இன்னும் யாரும் சொல்லவில்லை