அப்பாவின் பழைய ரெட் டாட் சைட்: புள்ளி வால் விட்டுத் தெரிகிறது, சரிசெய்ய முடியுமா?

நாகலூர்_மிளகு:

வணக்கம். ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் காப்பியும் மிளகும் இருக்கிறது. போன மாதம் அப்பாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது, கிழிந்த பனியனில் சுற்றிய ஒரு ரெட் டாட் சைட் (துப்பாக்கி மேல் மாட்டிக் குறி பார்க்க, கண்ணாடிக்குள் சிவப்புப் புள்ளி காட்டும் குழாய்) கிடைத்தது. கப்பலில் வேலை பார்த்த சித்தப்பா 1989இல் கொண்டுவந்து கொடுத்ததாம். கறுப்புக் குழாய், ஒரு சாணுக்கும் குறைவு. பிராண்டு பெயர் தேய்ந்துவிட்டது, அடியில் 'மேட் இன் ஜப்பான்' மட்டும் படிக்க முடிகிறது.

அப்பா அதை எங்கள் வீட்டு ஏர் ரைபிளில் மாட்டி இரண்டு நாள் சுட்டிருக்கிறார். "புள்ளியே சரியில்ல, கெட்டுப்போன சாமான்" என்று சொல்லிச் சுற்றி வைத்தவர், அப்புறம் கடைசி வரைக்கும் தொடவில்லை என்று அம்மா சொல்கிறார். அப்பா போய் ஆறு வருடம் ஆகிறது.

செல் போடும் இடத்தில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. மேலோட்டமாகத் துடைத்துவிட்டு எல்.ஆர். 44 பட்டன் செல் இரண்டு போட்டேன். டயலைத் திருகினால் விட்டு விட்டு எரிகிறது. எரியும்போது புள்ளி உருண்டையாக இல்லை. நெற்றிக் குங்குமம் வியர்வையில் இழுபட்ட மாதிரி ஒரு பக்கம் வால். முன் லென்ஸ் ஓரத்தில் சிலந்தி நூல் மாதிரியும் ஏதோ தெரிகிறது.

புதிது வாங்கலாம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு இதுதான் வேண்டும். இதைச் சரிசெய்ய முடியுமா? ரைபிள் .177 (குழாய் விட்டம், அங்குலத்தில்), ஸ்பிரிங் வகை. கொல்லையில் பேப்பர் டார்கெட்தான் சுடுவேன்.

அஸ்தம்பட்டி_77:

மனசு கஷ்டப்படாதீங்க, ஆனால் நான் புதிதுதான் சொல்வேன். அந்தக் காலத்து எல்.ஈ.டி. செல்லைக் குடிக்கும். சில நூறு மணி நேரம் தாங்கினாலே பெரிது. ஏய்ம்பாயிண்ட் மைக்ரோ என்ற ரெட் டாட் 2007இல் வந்தபோதே ஒரே செல்லில் 50,000 மணி நேரம் என்றார்கள். பழையதை ஷோகேஸில் வையுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை_லென்ஸ்:

தம்பி, ஷோகேஸில் வைக்க வேண்டாம். நான் முப்பத்தெட்டு வருடமாக சேலத்தில் கேமரா ரிப்பேர் பார்க்கிறேன். துப்பாக்கி எனக்குத் தெரியாது. ஆனால் நீங்கள் சொன்ன மூன்று கோளாறும் தினமும் என் மேசைக்கு வருகிறவைதான்.

முதலில் செல். எல்.ஆர். 44 இரண்டை அடுக்கினால் 3 வோல்ட். அதே உயரத்தில், அதே 3 வோல்ட்டில் 1/3 என் என்று ஒற்றை லித்தியம் செல் கிடைக்கும். நிக்கான் எஃப்.எம். 2 கேமராவில் போடுவோமே, அதுவேதான். ஆல்கலைன் பட்டன் செல்லைப் போட்டு மறந்தால் கசியும், உங்கள் அப்பா போட்டு வைத்தது கசிந்த மாதிரி. லித்தியம் கசிவது மிகக் குறைவு. அந்தப் பூப்பு காரம். இயர்பட்ஸ் நுனியில் இரண்டு சொட்டு வினிகர் தொட்டு ஒற்றி எடுங்கள், லேசாக நுரைக்கும், அடங்கியதும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து ஒரு நாள் உலர விடுங்கள். உப்புத்தாளைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். பித்தளை மேல் இருக்கிற முலாம் போனால் அடுத்த மழைக்காலத்தில் மறுபடி பச்சை பிடிக்கும். விட்டு விட்டு எரிவதற்கு டயலுக்குள் இருக்கும் அழுக்கும் காரணமாக இருக்கலாம். செல்லைக் கழற்றிவிட்டு டயலை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் முப்பது தடவை திருப்புங்கள். பாதி கோளாறு அதிலேயே போய்விடும்.

அடுத்து அந்தச் சிலந்தி நூல். அது பூஞ்சை. மலையிலிருந்து இறங்கி வரும் லென்ஸை டார்ச் அடித்துப் பார்க்காமல் நான் கையில் வாங்குவதே இல்லை. ஏற்காட்டு மூட்டமும் பனியன் துணியும் சேர்ந்தால் பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்? துணி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வெளிப்பக்கம் என்றால் துடைக்கலாம். உட்பக்கம் என்றால் நீங்களாகக் கழற்றாதீர்கள். ரெட் டாட்டில் முன் லென்ஸ் வெறும் கண்ணாடி இல்லை. குழாயின் ஓரத்தில் ஒளிந்திருக்கும் சின்ன எல்.ஈ.டி.யின் சிவப்பு, அந்த லென்ஸின் உட்பூச்சில் பட்டுத் திரும்பித்தான் உங்கள் கண்ணுக்குப் புள்ளியாக வருகிறது. சைட்டை முன்னாலிருந்து சாய்த்துப் பாருங்கள், செம்பு மாதிரி மின்னும். பின்னாலிருந்து பார்த்தால் வெளி உலகம் கொஞ்சம் நீலம் தட்டித் தெரியும். சிவப்பை மட்டும் திருப்பி அனுப்புகிற பூச்சு என்பதால் அப்படி. அதில் ஒரு கீறல் விழுந்தால் அந்தக் கீறல் உங்களோடுதான் இருக்கும்.

ஆனால் முக்கியமான விஷயம் இதற்கப்புறம்தான். ஓரத்துப் பூஞ்சை புள்ளிக்கு வால் வைக்காது. பூஞ்சை இருந்தால் புள்ளியைச் சுற்றி மங்கலாக ஒளி படரும், அவ்வளவுதான். ஒரே பக்கம் வால் என்றால் எனக்கு உங்கள் கண் மேல்தான் சந்தேகம். சைட்டை ரைபிளில் மாட்டாமல் கையில் பிடித்துப் பாருங்கள். புள்ளியைப் பார்த்தபடியே குழாயை மெதுவாகக் கால் சுற்று திருப்புங்கள். வாலும் கூடவே சுற்றினால் கோளாறு சைட்டில். குழாய் சுற்றியும் வால் இருந்த இடத்திலேயே நின்றால் கோளாறு கண்ணில். தலையை மட்டும் தோள் பக்கம் சாய்த்தும் பார்க்கலாம், கண்ணின் வால் தலையோடு சாயும். செல்போன் கேமராவில் புள்ளியைப் படம் எடுத்தும் பாருங்கள். செய்துவிட்டு எழுதுங்கள்.

நாகலூர்_மிளகு:

ஐயா, செய்தேன். குழாய் சுற்றுகிறது, வால் நகரவே இல்லை. எனக்கு எப்போதும் இடது மேல் மூலையைப் பார்த்தே நிற்கிறது. போனில் எடுத்த படத்தில் புள்ளி மிளகு மாதிரி உருண்டையாக இருக்கிறது. வெளிச்சத்தைக் குறைத்து, புள்ளி தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் அளவுக்கு வைத்தால் வாலும் சின்னதாகிறது. எனக்கு 43 வயது. இதுவரை கண்ணாடி போட்டதில்லை.

செவ்வாய்ப்பேட்டை_லென்ஸ்:

சிலிண்டர் பவராக இருக்கும் தம்பி, அதாவது கண்ணின் வளைவு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இல்லாதது. கண் டாக்டரிடம் போங்கள். சைட்டை நான் பார்த்துக்கொள்கிறேன், கொண்டு வாருங்கள்.

மல்லூர்_ஷூட்டர்:

கண் விஷயம் முடிந்தது என்றால் ரைபிள் பக்கத்தை நான் சொல்கிறேன். நான் கிளப்பில் .22 சுடுகிறேன், பழைய 30 மி.மீ. குழாய் சைட் ஒன்று என்னிடமும் இருக்கிறது.

ஸ்பிரிங் ரைபிளில் மாட்டுவதற்கு முன் யோசியுங்கள். தோட்டாத் துப்பாக்கி பின்னால் மட்டும்தான் உதைக்கும். ஸ்பிரிங் ஏர் ரைபிள் முதலில் பின்னால் உதைத்து, பிஸ்டன் போய் முட்டும்போது முன்னாலும் இழுக்கும். பழைய சைட்டுகள் அந்த இரண்டாவது உதைக்குச் செய்தவை இல்லை. ஒட்டின லென்ஸ் அசையும், சைட்டைப் பிடிக்கும் ரிங், ரைபிள் மேலிருக்கும் ரயிலில் வழுக்கிக்கொண்டே போகும். ஏர் ரைபிள் ரயில் 11 மி.மீ., கடைக்காரர் அதைவிட அகலமான வீவர் ரயிலுக்கான ரிங்கைக் கொடுத்தால் உட்காராது. 30 மி.மீ. குழாய்க்கு 11 மி.மீ. கால் வைத்த ரிங் கேளுங்கள், பின்னால் ஒரு ஸ்டாப்பரும் வையுங்கள். இருபது ஷாட்டுக்கு ஒரு முறை ஸ்க்ரூவைத் தொட்டுப் பாருங்கள்.

பத்து மீட்டரில் சீரோ செய்கிறீர்கள் (புள்ளி நிற்கும் இடத்திலேயே குண்டு விழும்படி திருத்துவது) என்றால்: 4 எம்.ஓ.ஏ. (ஒரு எம்.ஓ.ஏ. என்பது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) புள்ளி அங்கே சுமார் 12 மி.மீ. அகலத்தை மறைக்கும். திருத்தும் ஸ்க்ரூ அரை எம்.ஓ.ஏ. கிளிக் என்றால் ஒரு கிளிக்குக்கு ஒன்றரை மி.மீ. ஆறு சென்டிமீட்டர் தள்ளிப் போனால் நாற்பது கிளிக், பயப்படாமல் திருப்புங்கள். புள்ளியைக் கண்ணாடியின் நடுவிலேயே வைத்துச் சுடுங்கள். 'பாரலாக்ஸ் கிடையாது', அதாவது கண் நகர்ந்தாலும் குறி மாறாது என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். கிட்டத்தில் அப்படி இல்லை. கண் ஒரு சென்டிமீட்டர் விலகினால் குண்டும் ஏறக்குறைய அவ்வளவு விலகும். நூறு மீட்டரில் ஒரு சென்டிமீட்டர் ஒன்றுமில்லை, பத்து மீட்டர் ரைபிள் டார்கெட்டில் அது நான்கு வளையம்.

பத்து மீட்டர் போட்டிக்கு இது ஆகாது, சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பான ஐ.எஸ்.எஸ்.எஃப். விதியில் ஒளிப்புள்ளி சைட்டுக்கு இடமில்லை. .177, குண்டு வெளியேறும் சக்தி 20 ஜூலுக்குள் என்றால் ரைபிளுக்கு லைசென்ஸ் தேவையில்லை. ஆனால் டார்கெட்டுக்குப் பின்னால் மண்மேடு இருக்கட்டும். சில்வர் ஓக் மரத்தில் அட்டையை ஆணி அடித்துச் சுடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், பெல்லட் தெறித்து வரும். காப்பி பறிக்க ஆள் வரும் நாளில் ரைபிளை எடுக்கவே வேண்டாம். குரங்கு வந்தாலும் காட்டெருமை வந்தாலும் குழாய் அந்தப் பக்கம் திரும்பக் கூடாது.

நாகலூர்_மிளகு:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். செவ்வாய்ப்பேட்டை ஐயா உட்பக்கப் பூஞ்சையை என் கண் முன்னாலேயே எடுத்துக் கொடுத்தார். ஓரத்தில் ஒரு நகக்கீறல் அளவு தழும்பு இருக்கிறது, புள்ளியை அது தொடவில்லை. காசு வாங்க மறுத்துவிட்டார். அரைக் கிலோ மிளகு வைத்துவிட்டு வந்தேன்.

எனக்கு வலது கண்ணில் சிலிண்டர் மைனஸ் 1.25. கண்ணாடி போட்டுப் பார்த்தேன், வால் இல்லை. கொல்லை மண்மேட்டில் மணல் பெட்டி வைத்துப் பத்து மீட்டரில் சுட்டேன். இரண்டாம் நாள் கடைசி ஐந்தும் ஒரு ரூபாய்க் காசுக்குள் விழுந்தன. ஸ்டாப்பர் பிடித்துக்கொண்டது, ரிங் அசையவில்லை.

அதே டிரங்குப் பெட்டியின் அடியில் அப்பாவின் கண்ணாடிச் சீட்டு ஒன்று இருந்தது, 1994 தேதி போட்டது. வலது கண், சிலிண்டர் மைனஸ் 1.50. சைட் வந்து ஐந்து வருடம் கழித்துத்தான் அவர் கண்ணாடி போட்டிருக்கிறார். அதற்குள் இது பெட்டிக்குள் போய்விட்டது. அம்மாவிடம் சீட்டைக் காட்டி விவரம் சொன்னேன். சைட்டை வாங்கித் தன் கண்ணில் வைத்து, வெளியே மூட்டத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். "நல்லாத்தானே இருக்கு" என்றார்.

இப்போது மூடி இறுகும் டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் மணிகளோடு வைத்திருக்கிறேன். ஐயா, நீல மணி இரண்டே வாரத்தில் ரோஸ் ஆகிவிட்டது. வாணலியில் போட்டுச் சூடு காட்டினால் போதுமா, வெயிலில் வைக்க வேண்டுமா? இங்கே வெயிலே இல்லை.