டாப் 5 பிக்கை டிஃபென்ஸ் ஆளுக்கு குடுக்குறது வேஸ்ட்டா?

எடிசன்_செந்தில்

வணக்கம் மக்களே. என்எஃப்எல் (அமெரிக்க ஃபுட்பால் லீக்) பாக்க ஆரம்பிச்சு ரொம்ப நாள் ஆகல, நியூ ஜெர்சில இருக்கேன், ஆபீஸ்ல பாதி பேர் ஜயண்ட்ஸ், அதனால நானும் வேற வழியில்லாம ஜயண்ட்ஸ். டவுட் என்னன்னா 2025 டிராஃப்ட்ல (காலேஜ் ப்ளேயர்களை டீமுங்க வரிசையா ஒவ்வொரு பிக்கா எடுக்கறது) 3வது பிக்ல அப்துல் கார்ட்டரை எடுத்தாங்கல்ல, அப்பவே டீம்ல பிரையன் பர்ன்ஸ் இருக்காரு, தீபடோ இருக்காரு, நடுவுல டெக்ஸ்டர் லாரன்ஸ் வேற மலை மாதிரி நிக்கறாரு. ஓட்டை எல்லாம் ஆஃபன்ஸ்லதான். அப்புறம் எதுக்கு அவ்ளோ உசந்த பிக்கை இன்னொரு எட்ஜ் ரஷருக்கு (பந்தை எறியற குவார்ட்டர்பேக்கை ஓரத்துலருந்து தொரத்தற ஆள்) குடுக்கணும்? முதல் சீசன்ல கார்ட்டர் எடுத்த சேக்கை (குவார்ட்டர்பேக் பந்தை எறியறதுக்குள்ள அவரை கீழ தள்றது) ஒரு கை விரல்லயே எண்ணிடலாம். அதுக்கு முந்தின வருஷம் பாத்தா முதல் 14 பிக்கும் ஆஃபன்ஸ், 15வதுலதான் கோல்ட்ஸ் லாத்துவை எடுத்தாங்க, முதல் டிஃபென்ஸ் ஆள் அவ்ளோ லேட்டா போனது அதுவரைக்கும் இல்லவே இல்லையாம். ஊருக்கெல்லாம் தெரிஞ்சது நம்மாளுங்களுக்கு மட்டும் தெரியலையா?

மூணாவது_டவுன்

2024ஐ வெச்சு ஒரு முடிவுக்கும் வராதீங்க ப்ரோ, அந்த வருஷம் முதல் 12 பிக்குக்குள்ளயே ஆறு குவார்ட்டர்பேக் போயிட்டாங்க, அந்த கூத்து தினம் நடக்காது. அடுத்த வருஷமே 3வது கார்ட்டர், 5வது மேசன் கிரஹாம்.

எட்ஜ் ரஷரை ஏன் மேல எடுக்கறாங்கன்னா காசுதான். லயன்ஸ் 2022ல 2வது பிக்ல ஏடன் ஹட்சின்சனை எடுத்தாங்க, நாலு வருஷத்துக்கும் சேத்து மொத்தமே கிட்டத்தட்ட 36 மில்லியன் டாலர். 2025ல புது கான்ட்ராக்ட் போட்டப்ப அதே நாலு வருஷத்துக்கு 180 மில்லியன். இன்னொரு எட்ஜ் ரஷர் மைக்கா பார்சன்ஸ் கிரீன் பே போனப்ப வருஷத்துக்கு 47 மில்லியன். ஒரு நல்ல எட்ஜ் ரஷரை மார்க்கெட்ல வாங்கணும்னா சொத்தை எழுதிக் குடுக்கணும், அதுவும் அந்த மாதிரி ஆளுங்க மார்க்கெட்டுக்கு வர்றதே அபூர்வம், டீம் விட்டாத்தானே. டிராஃப்ட்ல எடுத்தா நாலு வருஷம் ரூக்கி (புது ப்ளேயர்) சம்பளம், முதல் ரவுண்டுன்னா அஞ்சாவது வருஷமும் வெச்சுக்கற ஆப்ஷனும் டீம் கையில. மிச்சமாகற காசுல ஆஃபன்ஸ் லைனையே கட்டிடலாம்.

ஆனா இந்த கணக்கு எட்ஜுக்கும் கார்னருக்கும்தான் (பந்தை புடிக்க ஓடறவங்களை மறிக்கறவர்) நல்லா வேலை செய்யும், மிஞ்சிப் போனா நடுவுல ஆடற டிஃபென்ஸ் டேக்கிளுக்கு. லைன்பேக்கர், சேஃப்டி (லைனுக்கு பின்னால நிக்கற டிஃபென்ஸ் ஆளுங்க) எல்லாம் எவ்ளோ திறமைசாலியா இருந்தாலும் டாப் 5ல எடுக்கறப்ப எனக்கு வயித்த கலக்கும். டெவின் வைட் 5வது, ஐசையா சிம்மன்ஸ் 8வது, இப்ப யார் பேசறாங்க அவங்களைப் பத்தி? கைல் ஹாமில்டன் மாதிரி ஒரு சேஃப்டி 14 வரைக்கும் சும்மா கெடந்தாரு. காத்திருந்தா கெடைக்கும்.

கேப்_கணக்குப்பிள்ளை

மேல சொன்னது பாதிதான் சரி. எடுத்த ஆளை மட்டும் பாக்கறீங்க, அவருக்கு அப்புறம் யார் போனாங்கன்னு பாருங்க. 2020ல வாஷிங்டன் 2வது பிக்ல எட்ஜ் ரஷர் சேஸ் யங்கை எடுத்தாங்க, ஊரே கை தட்டுச்சு, ரூக்கி அவார்டும் வாங்கினாரு. அவருக்கு அப்புறம் போன குவார்ட்டர்பேக்குங்க: 5வது டுவா, 6வது ஜஸ்டின் ஹெர்பர்ட். வாஷிங்டன் முந்தின வருஷம்தான் ஹாஸ்கின்ஸை எடுத்திருந்தாங்க, அதனால குவார்ட்டர்பேக் இருக்காருன்னு நினைப்பு. 2021ல யங்குக்கு முட்டி போச்சு, 2023ல ஒரு மூணாவது ரவுண்டு பிக்குக்கு 49ஏர்ஸ் கிட்ட தள்ளி விட்டாங்க. வாஷிங்டனுக்கு ஒழுங்கா ஒரு குவார்ட்டர்பேக் கெடைக்க 2024 ஆச்சு.

பிரவுன்ஸ் கதை இன்னும் கொடுமை. 2017ல மைல்ஸ் கேரட் முதல் பிக், தப்பே சொல்ல முடியாது, 2025 சீசன்ல 23 சேக் எடுத்து ரெக்கார்டையே உடைச்சாரு. இருந்து என்ன, அந்த சீசன்லயும் டீம் கடைசி வரிசைலதான். அதே 2017ல அவங்ககிட்ட 12வது பிக்கும் இருந்துச்சு, அதை டெக்ஸன்ஸுக்கு வித்தாங்க. 10வது பிக்ல குவார்ட்டர்பேக் மஹோம்ஸ் போனாரு. உலகத்துலயே பெஸ்ட் டிஃபென்ஸ் ஆள் இருந்தும் குவார்ட்டர்பேக் இல்லன்னா ஞாயித்துக்கெழமை வீணாப் போறதுதான் மிச்சம்.

செந்தில் நீங்க ஜயண்ட்ஸ்ங்கறதால இன்னொண்ணு. 2008 பிப்ரவரில சூப்பர் பவுல் ஃபைனல்ல 18-0ன்னு வந்த பேட்ரியாட்ஸை 17-14ன்னு கவுத்தாங்களே, அவங்க குவார்ட்டர்பேக் பிரேடியை அஞ்சு தடவ சேக் பண்ணி. அந்த டிஃபென்ஸ் லைன்ல ஸ்ட்ரஹான் ரெண்டாவது ரவுண்டு, உமென்யோரா ரெண்டாவது ரவுண்டு, ஜஸ்டின் டக் மூணாவது ரவுண்டு. டாப் 5 பிக் ஒண்ணுமே இல்ல அதுல.

லாரன்ஸ்டெய்லர்_ரசிகன்

ஜயண்ட்ஸ் பேச்சு எடுத்துட்டு 1981 2வது பிக்கை விட்டுட்டீங்களே கணக்குப்பிள்ளை 😏 லைன்பேக்கர்தான் அவரும், 86ல லீக் எம்விபி (சீசனோட பெஸ்ட் ப்ளேயர்).

கேப்_கணக்குப்பிள்ளை

லாரன்ஸ் டெய்லர் ஒருத்தர்தான் பொறந்தாரு, அவரை காட்டி காட்டியே நாப்பது வருஷமா தப்பு தப்பா பிக் பண்றாங்க

எடிசன்_செந்தில்

சூப்பர் மக்களே, ஆனா இப்ப இன்னும் கொழம்பிட்டேன். சரி, எட்ஜ் எடுக்கறதுன்னே முடிவு பண்ணிட்டாங்கன்னு வைங்க, எந்த எட்ஜ் தேறுவாரு, எது தேறாதுன்னு முன்னாடியே எப்படி கண்டுபிடிக்கறது? கம்பைன்ல (டிராஃப்டுக்கு முன்னாடி நடக்கற ஃபிட்னஸ் டெஸ்ட்) ஓடற டைம் வெச்சா?

பாட்டில்_லைன்மேன்

டைம் மட்டும் வெச்சு பண்ணாதீங்க. 2022தான் இதுக்கு பாடம். ஜாக்சன்வில்லுக்கு முதல் பிக். ஒரு பக்கம் ஹட்சின்சன், மிஷிகன் காலேஜ்ல கடைசி சீசன்ல 14 சேக், ஹைஸ்மன் (காலேஜ் பெஸ்ட் ப்ளேயர் அவார்டு) ஓட்டுல ரெண்டாவது. இன்னொரு பக்கம் ட்ரவான் வாக்கர், ஜார்ஜியால மூணு வருஷம் சேத்தே 9.5 சேக்தான், ஆனா 272 பவுண்டு உடம்பை வெச்சுக்கிட்டு 40 யார்டை 4.51 செகண்டுல ஓடினாரு, கை 35 அரை இன்ச். ஹட்சின்சனுக்கு 32 இன்ச்சுக்கு சொச்சம், "கை குட்டை"ன்னு ஒரு குறை. ஜாகுவார்ஸ் வாக்கரை எடுத்தாங்க. வாக்கர் மோசம்னு சொல்ல மாட்டேன், 2023லயும் 2024லயும் பத்து சேக் தொட்டாரு. ஆனா ஹட்சின்சன் 2024ல கால் உடையறதுக்கு முன்னாடி அஞ்சே மேட்ச்ல 7.5.

ஏன்னு தெரியணும்னா ஹட்சின்சன் மேட்சை மறுபடி போட்டு பந்தை பாக்காம எதிர்ல நிக்கற ஆஃபன்ஸ் டேக்கிளோட (குவார்ட்டர்பேக்கை காப்பாத்தறவர்) காலை மட்டும் பாருங்க. ஸ்னாப் ஆனதும் (பந்தை எடுத்து ஆட்டம் ஆரம்பிச்சதும்) ஹட்சின்சன் வெளிப்பக்கமா ரெண்டு மூணு எட்டு வைப்பாரு, சுத்திதான் வரப்போறாருன்னு டேக்கிள் அவசரமா பின்னால போவாரு, எடை முழுக்க வெளிக்கால்ல எறங்கின அந்த நொடில சடார்னு உள்பக்கம் ஒரு சுத்து சுத்துவாரு. டேக்கிளால திரும்பவே முடியாது. அதுல கை நீளத்துக்கு வேலையே இல்ல. நீளக் கை உதவும்தான், டேக்கிள் தொடறதுக்கு முன்னாடி அவரு நெஞ்சுல கை வெச்சு தள்ளலாம், ஆனா அடுத்த மூவ் என்னன்னு தெரியாம கை மட்டும் நீளமா இருந்து என்ன பண்றது?

சேக் எண்ணிக்கையையும் அப்படியே நம்பாதீங்க. குவார்ட்டர்பேக்கை இடத்தை விட்டு ஓட வெச்சு அவசரத்துல எறிய வெச்சா அதுவும் பாதி சேக்தான், ஸ்கோர் கார்டுல வராது. கார்ட்டர் விஷயத்துல அதையும் பாத்துட்டு திட்டுங்க. மனுஷன் பென் ஸ்டேட்ல கடைசி வருஷம்தான் லைன்பேக்கர்லருந்து எட்ஜுக்கே மாறினாரு.

மூணாவது_டவுன்

லைன்மேன் சொன்னது 100%. "ஆஃபன்ஸ் எடுத்தா சேஃப்"னு நினைக்கறவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு: 2014ல ராம்ஸுக்கு முதல் ரவுண்டுல ரெண்டு பிக். 2வதுல கிரெக் ராபின்சன்னு ஒரு ஆஃபன்ஸ் டேக்கிள், ஆள் பாக்க பிரம்மாண்டம், ஆட்டம் ஒண்ணும் தேறல. 13வதுல உயரம் பத்தாதுன்னு எல்லாரும் விட்ட ஒருத்தர், ஆரன் டொனால்ட். மூணு தடவ டிஃபென்ஸ் ப்ளேயர் ஆஃப் தி இயர்.

கேப்_கணக்குப்பிள்ளை

அது என் கட்சிக்கு சாட்சி பாஸ், அவரு 13வதுல கெடைச்சாருல்ல 😂

செந்தில், உங்க முதல் கேள்விக்கு வர்றேன். ஜயண்ட்ஸ் பண்ணதுல கார்ட்டர் பிக்கை மட்டும் தனியா பாக்காதீங்க, அதே ராத்திரி ரெண்டாவது ரவுண்டு பிக்கோட மூணாவது ரவுண்டு பிக் ரெண்டையும் டெக்ஸன்ஸுக்கு குடுத்துட்டு 25வதுக்கு ஏறி குவார்ட்டர்பேக் ஜாக்ஸன் டார்ட்டை எடுத்தாங்க. 3வதுலயே குவார்ட்டர்பேக்னு அடம் புடிச்சிருந்தா கார்ட்டரும் போயிருப்பாரு. டார்ட் நிலைச்சு நின்னாருன்னா வாஷிங்டன் கதைல என் வாயை அடைச்சிடலாம். நிக்கலன்னா மறுபடி இங்கயே வாங்க, சேந்து திட்டலாம்.

எடிசன்_செந்தில்

சரி சரி, கார்ட்டரை கொஞ்ச நாளைக்கு திட்டாம விடறேன். தீபடோவை ட்ரேட் பண்ணா என்ன கெடைக்கும்? இல்ல அதுக்கு தனியா த்ரெட் போடவா?