‘கர்ணம் வீடு’ என்ற பெயர் எங்கிருந்து வந்தது?

பாலக்கோட்டான்:
தம்பிக்கு பாஸ்போர்ட் எடுக்கும்போது குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் என்ன போடுவது என்று வீட்டில் ஒரு நாள் முழுக்கப் பேச்சு. நமக்கு இனிஷியல்தானே உண்டு? ஊரில் எங்களைக் ‘கர்ணம் வீடு’ என்பார்கள், அதையே போட்டுவிட்டோம். கேட்டவருக்கு இல்லை என்று சொல்லாத வீடு, அதனால் கர்ணன் பேரில் வந்த பட்டம் என்பார் தாத்தா. ஊரில் கர்ண மோட்சம் கூத்து நடந்தால் கர்ணன் வேஷத்துக்கு முதல் மாலை எங்கள் வீட்டிலிருந்துதான் போகும்.

ஒசூர்க்காரன்:
கோபித்துக்கொள்ளாதீர்கள் அண்ணா. கர்ணம் என்றால் ஊர்க் கணக்கு எழுதியவர், அவ்வளவுதான். மூலச்சொல் கரணம். சோழர் கல்வெட்டுகளில் கணக்கெழுதுபவர் ‘கரணத்தான்’ என்று வருகிறார். தெலுங்கில் இன்றும் கரணம்தான், வீட்டுப் பெயராகவும் இருக்கிறது. 2000 சிட்னி ஒலிம்பிக்கில் பளு தூக்கி வெண்கலம் வென்ற கரணம் மல்லேஸ்வரியை மறந்துவிட்டீர்களா? நாம் ரகரத்துக்குப் புள்ளி வைத்தோம், அப்புறம் கர்ணன் தானாக வந்து உட்கார்ந்துகொண்டான். தளிப் பக்கம் கன்னடம் பேசுகிறவர்கள் இதே ஆளை ஷானுபோகர் என்பார்கள். அங்கே எந்தக் கூத்தைக் காட்டுவீர்கள்?

தொப்பூர் கணவாய்:
சோழன் வரை போக வேண்டாம். 1792-ல் திப்புவிடமிருந்து பாராமகால், அதாவது நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம், வெள்ளைக்காரனிடம் கைமாறியது. கும்பெனி அதிகாரிகள் ரீடும் மன்றோவும் நிலத்தை அளந்து ஆளுக்கு ஆள் தீர்வை போட்டார்கள். கர்ணம் எல்லாம் வெள்ளைக்காரன் உண்டாக்கிய உத்தியோகம்.

ஒசூர்க்காரன்:
ஊர்க் கணக்கர் இல்லாமல் திப்பு எப்படி வரி வாங்கினாராம்? ஆளுக்கு ஆள் தீர்வை போட்ட அந்த ரயத்துவாரி முறையில் ஒவ்வொரு விவசாயிக்கும் தனிக் கணக்கு வேண்டியிருந்தது, அதனால் கர்ணத்தின் கை ஓங்கியது. அது வேறு, உண்டாக்கியது வேறு.

மானாவாரி:
கேட்டவருக்கு இல்லை என்று சொல்லாத வீடா! எங்கள் தாத்தா இரண்டு ஏக்கரில் ராகி போட்டதை அடங்கலில், அதாவது ஊர்ப் பயிர்க் கணக்கில், ராகி என்று எழுதவைக்க, கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கர்ணம் வீட்டுத் திண்ணையில் காத்திருந்தவர். கொடுத்தது யார், வாங்கியது யார்? 1980-ல் எம்.ஜி.ஆர். அரசு கர்ணம், மணியக்காரர் பதவிகளை ஒழித்தது. உச்ச நீதிமன்றம் வரை போய்ப் பார்த்தார்கள், 1982-ல் அங்கேயும் தோற்றார்கள். எங்கள் தெருவில் அழுதவர் யாரும் இல்லை.

பாலக்கோட்டான்:
மானாவாரி சொல்வதை மறுக்க முடியவில்லை. எங்கள் வீட்டுக் கோழிக் கூண்டு பெரியதுதான், காரணம் இப்போதுதான் புரிகிறது.

நேற்றுப் பரணில் தேடினேன். பசலி 1381 (வருவாய்க் கணக்கு ஆண்டு, அதாவது 1971-72) என்று போட்ட ஒரு நோட்டு கிடைத்தது. பக்கத்துக்குப் பக்கம் சர்வே நம்பர், பயிர், தீர்வை. வள்ளல் கதை ஒரு வரிகூட இல்லை. ஆனால் கையெழுத்துக்குக் கீழே ‘கிராம கர்ணம்’ என்று தாத்தாவே எழுதியிருக்கிறார். புள்ளி இருக்கிறது, ஒசூர்க்காரரே. மாலை இந்த வருஷமும் எங்கள் வீட்டிலிருந்துதான் போகும்.