புதுப்பிப்பு: பிளம்பிங் சாமான் கடைக்கு பில் மென்பொருள், என்ன முடிவெடுத்தோம்

கையால் பில் எழுதும் எங்கள் கடைக்கு டேலி என்ற கணக்கு மென்பொருள் வாங்குவதா, மொபைல் செயலி போதுமா, எக்செலிலேயே ஓட்டலாமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

டேலியின் இப்போதைய பதிப்பான டேலிப்ரைம்தான் எடுத்தோம். "முதலில் உங்கள் ஆடிட்டர் எதில் வேலை செய்கிறார் என்று கேளுங்கள்" என்ற பதில்தான் முடிவெடுக்க உதவியது. அவரும் டேலிதான். மாதக் கடைசியில் பேக்கப் எடுத்து அனுப்பினால் போதும், ஜிஎஸ்டி ரிட்டர்னை (வரிக் கணக்குத் தாக்கல்) அவர் பார்த்துக்கொள்கிறார். வாங்கும் முன், லைசென்ஸ் இல்லாமல் பழகிப் பார்க்கும் எஜுகேஷனல் முறையில் இலவசமாகப் பழகினேன். அதில் மாதத்தின் குறிப்பிட்ட சில தேதிகளில் மட்டும்தான் பதிவு போட முடியும். கை பழக அது தாராளம்.

எதிர்பாராதது: ஜிஎஸ்டி விதிப்படி பில் எண் 16 எழுத்தைத் தாண்டக் கூடாது. கடைப் பெயர், ஊர், வருடம் எல்லாம் சேர்த்து அப்பா அச்சடித்து வைத்திருந்த எண் 22 எழுத்து! ஏப்ரலிலிருந்து '25-26/0001' என்று சுருக்கிவிட்டோம். பழைய பில் புத்தகங்களைத் தூக்கிப் போடவில்லை. ஆண்டு ரிட்டர்னின் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும்.

அப்புறம் சரக்குப் பட்டியல். மென்பொருள் பழக நாலு நாள், பட்டியல் ஏற்ற மூன்று வாரம். அரை இஞ்ச் எல்போவை (குழாய் வளைவு) நான் ஒரு பெயரிலும் தம்பி வேறு பெயரிலும் ஏற்றியதில் ஸ்டாக் மைனஸில் போய் நின்றது. பொருள், அளவு, கம்பெனி என்று பெயர் வைக்கும் வரிசையை ஒரு தாளில் எழுதி கல்லா பக்கத்தில் ஒட்டியபிறகுதான் சரியானது. பட்டியலை எக்செலில் அடித்து அப்படியே உள்ளே இறக்கலாம் என்று ஒருவர் சொல்லியிருந்தார். நான்தான் அதைச் சரியாகப் படிக்கவில்லை.