2¹²⁷⁷ − 1: காரணி தேட உதவி வேண்டும்
வணக்கம். 385 இலக்கமுள்ள இது சேர்த்தி எண் (முதன்மை எண் அல்ல, காரணிகளாகப் பிரியும்) என்று லூக்காஸ்-லெமர் சோதனை (2ᵖ − 1 வடிவ எண் முதன்மையா என்று பார்ப்பது) காட்டுகிறது; காரணி ஒன்றுகூட இன்னும் அகப்படவில்லை. (அடி 2 வைத்து ஃபெர்மா சோதனை செய்து ஏமாறாதீர்கள், முதன்மை எண்ணுக்குப் போலவே மீதி 1 தான் வரும்.) முதன்மைக் காரணி எதுவானாலும் 2554 ஆல் வகுக்க மீதி 1, 8 ஆல் வகுக்க மீதி 1 அல்லது 7.

பொலார்டின் p − 1 முறைக்கு (p − 1 சிறு காரணிகளாகப் பிரியும் முதன்மைக் காரணி p ஐத் தேடுவது) நிரல் எழுதுபவர்கள் முதலில் 2⁵⁹ − 1 இல் பாருங்கள்: எல்லை 61 க்கு 179951 வர வேண்டும். 179950 = 2 × 5² × 59 × 61; 5ஐ ஒரு தரம் மட்டும் பெருக்கினால் தவறிவிடலாம்.

கேள்வி இதுதான்: நீள்வளையி முறையில் (ECM, வளையி வளையியாக மாற்றிக் காரணி தேடுவது) முதற்கட்ட எல்லை 850 மில்லியன், நாலு வளையி ஒன்றாக ஓடும்போது இரண்டாம் கட்டத்தில் 8 ஜிபி நினைவகம் நிரம்பிவிடுகிறது. கட்டத்தைத் துண்டாக்குவதா, ஒவ்வொன்றாக ஓட்டுவதா, எது வேகம்? கொழும்பில் வெள்ளவத்தைப் பக்கம் 32 ஜிபி கணினி இருந்தால் இரவில் மட்டும் தந்தாலும் போதும்.